மரையை எல்க் என்று அழைத்தவர்: சாமுவேல் பேக்கரின் நுவரெலியா ஆண்டுகள்

வட்டகொடை புகையிரத நிலையத்திலிருந்து மேலேறிப் போகும் தோட்டங்களில், காட்டோரத்து லயங்களில் குடியிருக்கும் பெரியவர்களுக்கு இரவின் சத்தங்கள் நன்றாகத் தெரியும். எக்காளத்தை ஒரே ஒரு முறை ஊதி நிறுத்தியதுபோல மேலிருந்து ஒரு சத்தம் வரும். சற்று நேரம் கழித்து மீண்டும் ஒன்று. மரை கத்துகிறது என்பார்கள். மரை கத்தினால் பக்கத்தில் எங்கோ சிறுத்தை நடமாடுகிறது என்று பொருள். நாயை உள்ளே கட்டச் சொல்வார்கள். பிள்ளைகள் வெளியே போகமாட்டார்கள்.

தமிழ்நாட்டில் கடமான் என்றும் நம் பக்கத்தில் மரை என்றும் சொல்லப்படும் இந்த விலங்குக்கு, 19ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த ஆங்கிலேயர் எல்க் என்று பெயர் வைத்தார்கள். நுவரெலியாவுக்குத் தெற்கே எல்க் பிளெயின்ஸ் என்ற இடப்பெயர் இன்றும் இருக்கிறது. ஆனால் இலங்கையின் எந்தக் காட்டிலும் எல்க் ஒருபோதும் வாழ்ந்ததில்லை. அந்தப் பெயரை உலகம் முழுவதும் கொண்டுசென்றவர்களில் முதன்மையானவர் சாமுவேல் வைட் பேக்கர். ஹோர்ட்டன் சமவெளியில் உள்ள பேக்கர் நீர்வீழ்ச்சி அவருடைய பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

ஆபிரிக்காவில் ஆல்பர்ட் ஏரியைக் கண்டவர், அடிமை வணிகத்தை எதிர்த்தவர் என்று உலக வரலாறு அவரைக் கொண்டாடுகிறது. நுவரெலியா நகரத்தை உருவாக்கியவர்களில் ஒருவர் என்று சுற்றுலாக் கையேடுகள் அவரைப் புகழ்கின்றன. மலையகத்தில் வாழும் நாம் அந்த வாழ்க்கையை இன்னொரு பக்கத்திலிருந்தும் வாசிக்க வேண்டியிருக்கிறது. யார் எதற்குப் பெயர் வைத்தார்கள், யாருடைய பெயர் எழுதப்படாமல் போனது என்பதே அந்தப் பக்கம்.

கரும்புத் தோட்டத்துப் பிள்ளை

பேக்கர் 1821ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் திகதி லண்டனில் பிறந்தார். செல்வக் குடும்பம். தந்தை வணிகர். ஜமைக்காவிலும் மொரிசியசிலும் அவர்களுக்குக் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அடிமைகளின் உழைப்பில் செழித்த தொழில் அது. பிரித்தானியப் பேரரசில் அடிமை முறை ஒழிக்கப்பட்ட பிறகு மொரிசியசின் கரும்புக் காடுகளுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர் கப்பல் கப்பலாகக் கொண்டுவரப்பட்டனர். அவர்களில் தமிழர்களும் இருந்தனர்.

1843 ஓகஸ்ட் 3ஆம் திகதி பேக்கர் ஹென்றியட்டா மார்ட்டின் என்ற பாதிரியார் மகளை மணந்தார். அவருடைய தம்பி ஜோன் அதே நாளில் ஹென்றியட்டாவின் சகோதரியை மணந்தார். இரு சோடிகளும் மொரிசியசுக்குப் போய்க் குடும்பத் தோட்டத்தைக் கவனித்தார்கள். ஆனால் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் மனம் பேக்கருக்கு இல்லை. வேட்டையே அவருடைய ஆசை. யானையும் எருமையும் நிறைந்த தீவு என்று இலங்கையைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். 1846இல் துப்பாக்கிகளோடு இங்கு வந்து இறங்கினார்.

யானையைக் கொல்வோருக்கு அரசே பரிசுப் பணம் கொடுத்த காலம் அது. பதுளைப் பகுதியில் அதிகாரியாக இருந்த மேஜர் தோமஸ் ரோஜர்ஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. அவர் 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். நுவரெலியாவில் அவருக்கு ஒரு கல்லறை உண்டு. அவர் இறந்த அடுத்த ஆண்டு வந்த பேக்கரும் அதே பாதையில்தான் நடந்தார். தாழ்நிலக் காடுகளில் யானை வேட்டையாடியபோது அவருக்குக் கடும் காய்ச்சல் கண்டது. உடல் தேற நுவரெலியாவுக்குப் போகும்படி மருத்துவர் சொன்னார். 1847இல் அங்கு தங்கிய பதினைந்து நாட்கள் அவருடைய வாழ்க்கையை மாற்றின.

கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் குளிர்ந்த காற்று, தெளிந்த ஓடை, புல்வெளி, அதைச் சுற்றி இருண்ட காடு. ஓர் ஆங்கிலக் கிராமத்தை இங்கே உருவாக்கலாம் என்று பேக்கர் நினைத்தார்.

நாய் வரியும் நாய்க் கூட்டமும்

நினைத்ததைச் செய்யும் பிடிவாதம் அவரிடம் இருந்தது. இங்கிலாந்துக்குத் திரும்பி, பண்ணை மேற்பார்வையாளர், கொல்லர், பிற குடியேறிகள் என்று ஒரு கூட்டத்தையே திரட்டினார். உயர்சாதிக் காளை, பசு, செம்மறிக் கிடாக்கள், குதிரை, உழவுக் கருவிகள், விதைகள் எல்லாம் கப்பலேறின. கூடவே ஒரு வேட்டை நாய்க் கூட்டமும் வந்தது. 1848 செப்டெம்பரில் கப்பல் புறப்பட்டது.

அந்த ஆண்டை இலங்கை வரலாறு வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய காணியாக்கியது. தலைமுறை தலைமுறையாகக் கண்டிக் கிராமங்கள் சேனை செய்த, மாடு மேய்த்த நிலங்கள் ஏக்கர் ஏக்கராக ஏலம் போயின. கோப்பி விலை விழுந்து அரசின் வருமானம் குறைந்தபோது, 1848இல் ஆளுநர் டொரிங்டன் புதிய வரிகளைப் போட்டார். துப்பாக்கிக்கு வரி, கடைக்கு வரி, வண்டிக்கு வரி, நாய்க்கும் வரி. மாத்தளையிலும் குருநாகலிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். புரன் அப்பு ஓகஸ்ட் மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார்.

வீட்டுக் காவலுக்கு நாய் வளர்த்த கண்டிக் குடியானவனிடம் வரி கேட்ட அதே ஆண்டின் கடைசியில், துப்பாக்கிகளோடும் நாய்ப் பட்டியோடும் ஓர் ஆங்கிலக் கனவான் அதே மலைகளுக்கு ஏறிவந்தார். அரசிடமிருந்து ஏக்கர் 20 ஷில்லிங் விலையில் அவருக்குப் பெரும் நிலப்பரப்பு கிடைத்தது. பேக்கர் தனிப்பட்ட முறையில் கொடியவராக இருந்ததால் நடந்தது அல்ல இது. சட்டம் அப்படி எழுதப்பட்டிருந்தது.

தொடக்கம் நன்றாக அமையவில்லை. கொழும்பிலிருந்து மலையேறும்போது வண்டி பள்ளத்தில் விழுந்து நொறுங்கியது. உயர்சாதிப் பசு வழியிலேயே செத்தது. கறுப்பாக இருந்த மண்ணைப் பார்த்து வளமானது என்று நம்பினார். புல்வெளி மண் சத்தற்றது என்பது பயிரிட்ட பின்தான் தெரிந்தது. உருளைக்கிழங்கைப் புழு அரித்தது. ஓட்ஸ் கதிரை மரையும் காட்டுப் பன்றியும் இரவோடிரவாகத் தின்று தீர்த்தன. கால்நடைகளை நோய் அள்ளிச் சென்றது.

பேக்கர் விடவில்லை. எருவிட்டு மண்ணைத் திருத்தினார். சில ஆண்டுகளில் மாகஸ்தோட்டப் பண்ணை காலூன்றியது. 1849இல் நுவரெலியாவில் பியர் வடிக்கத் தொடங்கியவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. ஆங்கிலக் காய்கறிகளை நுவரெலியாவில் விளைவித்த பெருமையில் அவருக்குப் பெரிய பங்கு தரப்படுகிறது. அந்த மாகஸ்தோட்ட இன்று தேயிலைத் தோட்டம்.

காதால் ஆடிய வேட்டை

பண்ணை வேலை ஒருபுறமிருக்க, பேக்கரின் உயிர் வேட்டையில்தான் இருந்தது. தாழ்நிலத்தில் துப்பாக்கியால் யானையைச் சுட்டவர், மலையில் மரையைச் சுடுவதை இழிவாக நினைத்தார். இங்கே அவருடைய ஆயுதங்கள் இரண்டே: நாய்க் கூட்டமும், இடுப்பில் சுமார் ஓரடி நீள அலகு கொண்ட கத்தியும்.

மரை பகலில் காட்டுக்குள் படுத்திருக்கும். இருட்டியதும் பத்தனைகளுக்கு, அதாவது திறந்த புல்வெளிகளுக்கு, மேயவரும். விடிவதற்குள் மீண்டும் காட்டுக்குள் போய்விடும். எனவே பேக்கர் விடியற்காலையில் புறப்படுவார். புல்லில் பனி காயுமுன் நாய்கள் மோப்பம் பிடிக்க வேண்டும். காட்டோரத்தில் அவிழ்த்துவிட்டால் நாய்கள் மறைந்துவிடும். அதன்பிறகு வேட்டைக்காரனுக்குக் கண்ணால் பயனில்லை. நெலுவும் மூங்கிலும் பின்னிக் கிடக்கும் அந்தக் காட்டில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. ஒரு மேட்டில் ஏறி நின்று கேட்பதுதான் வேட்டை.

முதலில் ஒரே ஒரு நாய் குரல் கொடுக்கும். அது அனுபவமுள்ள நாயின் குரலா, அவசரக் குட்டியின் குரலா என்று பேக்கருக்குத் தெரியும். அனுபவமுள்ள நாயின் குரலை மற்ற நாய்கள் நம்பும். கூட்டம் முழுவதும் அதனோடு சேர்ந்துகொள்ளும். துரத்தும் குரைப்பு ஒரு விதம். மரை ஓடி அலுத்து, ஓடையின் ஆழமான மடுவில் இறங்கித் திரும்பி நின்றதும் எழும் குரைப்பு வேறு விதம். இடம் மாறாமல் ஒரே இடத்திலிருந்து விடாமல் வரும் அந்தக் குரைப்பைக் கேட்டதும் பேக்கர் மலைச்சரிவில் ஓடத் தொடங்குவார். சில வேளை மைல் கணக்கில் ஓட வேண்டும். போய்ச் சேரும்போது கழுத்தளவு நீரில் மரை நிற்கும். கொம்பாலும் முன்னங்காலாலும் அது நாய்களை அடித்து வீழ்த்தும். பேக்கர் நீரில் இறங்கி முன்னந்தோளுக்குப் பின்னால் கத்தியைச் செலுத்துவார்.

அருவிகள் இந்த வேட்டையின் எதிரி. அருவி இரைச்சலில் நாய்க் குரல் அமுங்கிப்போனால் எல்லாம் போயிற்று. கொம்பை ஊதி ஊதி நாய்களைத் திரும்பக் கூப்பிட வேண்டும். வழிதவறிய நாய்களைச் சிறுத்தை அடித்துவிடும். அப்படிப் பறிகொடுத்த நாய்கள் பல.

இந்த வேட்டைகளுக்காக ஹோர்ட்டன் சமவெளி, எல்க் பிளெயின்ஸ், தொட்டப்பளை, போபத்தலாவை என்று பல புல்வெளிகளில் கூடாரமடித்தார். டிம்புள்ளப் பக்கத்துக் காடுகளும் அவருக்குத் தெரிந்தவையே. இன்று வட்டகொடையும் தலவாக்கலையும் அக்கரப்பத்தனையும் இருக்கும் பகுதி அப்போது பெரும்பாலும் அடர்காடு. ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்தில் பிறந்து தலவாக்கலையைத் தழுவிப் போகும் கொத்மலை ஓயாவின் மேல்நீர்களில்தான் அந்த மரைகள் தஞ்சம் தேடி இறங்கின.

ஒரு பெயர், மூன்று விலங்குகள்

உண்மையான எல்க் எது? ஐரோப்பாவின் வடபகுதியில் வாழும், அகன்ற கைபோன்ற கொம்புடைய பெரும் மான்தான் அந்தப் பெயருக்கு உரியது. வட அமெரிக்கர் அதே விலங்கை மூஸ் என்பார்கள். ஆங்கிலேயக் குடியேறிகள் அமெரிக்காவில் வப்பிட்டி என்ற வேறொரு பெரிய மானைக் கண்டபோது அதற்கு எல்க் என்று பெயர் வைத்தார்கள். இலங்கைக்கு வந்தவர்கள் மரைக்கும் அதே பெயரை ஒட்டினார்கள். ஊரைவிட்டு வந்தவன் கண்ட பெரிய மானுக்கெல்லாம் ஊரில் கேள்விப்பட்ட பெயரை வைத்தான், அவ்வளவுதான். சிங்களவர் கோனா என்றும் தமிழர் மரை என்றும் அழைத்துக்கொண்டிருந்தது அவர்கள் காதில் விழவில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1792இலேயே ரொபர்ட் கெர் என்ற விஞ்ஞானி இந்த விலங்குக்கு யூனிகலர் என்ற அறிவியல் பெயரைக் கொடுத்துவிட்டார். அந்தப் பெயருக்கு அடிப்படையானதே இலங்கையின் மரைதான்.

பெயர் ஒன்றாக இருந்தாலும் குரல் ஒன்றல்ல. அமெரிக்க எல்க்கின் ஆண் இலையுதிர்காலத்தில், இணைசேரும் பருவத்தில், புல்லாங்குழல்போல் உயர்ந்து போகும் நீண்ட கூவலை எழுப்பும். எதிராளியை மிரட்டவும் பெட்டைகளைத் தன்பக்கம் வைத்திருக்கவும் அந்தக் கூவல். அங்குள்ள வேட்டைக்காரர் வாய்க்குள் ஒரு மெல்லிய சவ்வை வைத்து ஊதி, குழாய் வழியே ஒலியைப் பெருக்கி, அதே கூவலைப் போலச் செய்வார்கள். போட்டிக்கு வந்தவன் யார் என்று பார்க்கக் கிடாவே தேடி வரும். பெட்டையின் குரலைப் போலச் செய்தும் வரவழைப்பார்கள். கனடாக் காடுகளின் முதற்குடிகள் பூர்ச்ச மரப்பட்டையைச் சுருட்டிக் கொம்பு செய்து மூஸை அழைத்தார்கள்.

விலங்கின் மொழியைக் கற்று அதையே பொறியாக்கும் இந்தக் கலைக்கு இந்தியாவில் பேர்போனவர் ஜிம் கோர்பெட். குமாவோன் மலையில் தாக் என்ற கிராமத்தை நடுங்கவைத்த ஆட்கொல்லிப் பெண்புலியை, 1938 நவம்பர் 30ஆம் திகதி மாலை, ஆண்புலியின் குரலில் கூப்பிட்டுக் கூப்பிட்டு வரவழைத்து அவர் சுட்டார். புலி பதில் குரல் கொடுத்தபடியே வந்தது.

மரையிடம் இந்தக் கலை அவ்வளவாக எடுபடாது. மரைக் கிடா பொதுவாகப் பேசாத விலங்கு. அது உரத்துக் கத்துவது பெரும்பாலும் ஆபத்தைக் கண்டால்தான். வாலைத் தூக்கி, முன்னங்காலால் தரையைத் தட்டி, அந்த ஒற்றை எக்காளச் சத்தத்தை எழுப்பும். அந்தக் குரல் எவரையும் தன்னிடம் அழைப்பதல்ல. காட்டுக்கு எச்சரிக்கை சொல்வது. எனவே பேக்கர் மரையைக் கூப்பிட முயலவில்லை. நாயின் குரலையும் கொம்பின் ஒலியையும் காட்டுக்குள் அனுப்பி, அதைத் தன் இடத்திலிருந்து கிளப்பினார்.

காலம் இதற்கு ஒரு பின்குறிப்பு எழுதியது. 1881இல், அறுபது வயதில், பேக்கர் அமெரிக்காவின் பிக் ஹோர்ன் மலைகளுக்கு வேட்டையாடப் போனார். அங்கே அமெரிக்கர் எல்க் என்று அழைக்கும் வப்பிட்டியைக் கண்டார். இளமையில் நுவரெலியாவில் ஒரு தவறான எல்க். முதுமையில் அமெரிக்காவில் இன்னொரு தவறான எல்க்.

நாய்களுக்குப் பெயர் இருந்தது

இலங்கை வேட்டைகளைப் பற்றிப் பேக்கர் எழுதிய முதல் நூல், துப்பாக்கியையும் வேட்டை நாயையும் தலைப்பில் கொண்டு, 1850களின் முற்பகுதியில் வெளிவந்தது. எட்டு ஆண்டு அனுபவங்களைச் சொல்லும் இரண்டாம் நூல் 1855இல் வந்தது. இரண்டும் நன்றாக விற்றன. எல்க் என்ற பெயரும் அவற்றோடு பயணம் செய்தது. அவர் கூர்ந்து பார்ப்பவர், தன் தோல்விகளைச் சிரிப்போடு சொல்பவர் என்பதை மறுக்க முடியாது.

அந்த நூல்களில் நாய்களுக்கெல்லாம் பெயர் உண்டு. ஸ்மட், பிரான், கில்பக், லீனா, புளூபியர்ட், மெரிமன், லூசிஃபர். ஒவ்வொன்றின் குணம், தைரியம், குரலின் இனிமை, அது இறந்த விதம் எல்லாம் பதிவாகியிருக்கின்றன. நல்ல நாய் இறந்தபோது ஒரு நண்பனை இழந்தவர்போல் அவர் வருந்தினார்.

காட்டை வெட்டியவர்கள், வேரைத் தோண்டியவர்கள், கூடாரத்தையும் அரிசி மூட்டையையும் தலையில் தூக்கிக்கொண்டு ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏறியவர்கள், கொன்ற மரையின் இறைச்சியைச் சுமந்து இறங்கியவர்கள் யார்? காடு காட்டிய சிங்கள வழிகாட்டி ஒருவர் இருவரின் பெயரைத் தவிர, மற்றவர்கள் எல்லோரும் கூலிகள். அந்தக் கூட்டத்தில் தமிழர் எத்தனை பேர் என்று பிரித்துப் பார்க்கப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை. ஆனால் அது கோப்பிக் காலம். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்துவந்த தென்னிந்தியத் தொழிலாளர்கள் மலைநாட்டின் உழைப்பைச் சுமந்த காலம். அந்த வழியில் பசியாலும் வாந்திபேதியாலும் ஆயிரக்கணக்கானோர் செத்து விழுந்தார்கள்.

பேக்கர் ஒருவரை மட்டும் இதற்காகக் குற்றம் சாட்டுவது நியாயமல்ல. அக்காலத்துத் துரைமார் எழுதிய நூல்கள் பெரும்பாலும் இப்படித்தான். ஆனால் குரைப்பைக் கேட்டே நாயை இனங்காணும் அளவு கூர்மையான காது அவருக்கு இருந்தது. பக்கத்தில் சுமையோடு மூச்சிரைக்க நின்ற மனிதர்களின் பேச்சு அதே காதில் விழவில்லை. மரையின் பெயர் தொலைந்ததும் அந்த மனிதர்களின் பெயர் தொலைந்ததும் ஒரே வகையான கேளாமையால்தான்.

அடிமைச் சந்தையும் நைல் நதியும்

1855இல் பேக்கர் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குத் திரும்பினார். பண்ணை குடும்பத்தின் கையில் இருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 29ஆம் திகதி ஹென்றியட்டா பிரான்சின் பிரனீஸ் மலைப்பகுதியில் காய்ச்சலில் இறந்தார். அவர்களுக்குப் பிறந்த ஏழு பிள்ளைகளில் மூவர் சிறுவயதிலேயே இறந்திருந்தனர். எஞ்சிய நான்கு பெண் பிள்ளைகளையும் தன் சகோதரியிடம் ஒப்படைத்துவிட்டுப் பேக்கர் அலையத் தொடங்கினார்.

1859இல், அன்று உதுமானியப் பேரரசின் கீழிருந்த விதின் நகரத்து அடிமைச் சந்தையில் ஓர் இளம்பெண்ணைக் கண்டார். ஹங்கேரியில் நடந்த கிளர்ச்சியின்போது குடும்பத்தை இழந்த அநாதை அவர். அவரை அங்கிருந்து மீட்டு அழைத்துச் சென்றார். புளோரன்ஸ் என்ற அந்தப் பெண் பிறகு அவருடைய வாழ்க்கைத் துணையானார். இருவரும் சேர்ந்து நைல் நதியின் ஊற்றைத் தேடிப் போனார்கள். காய்ச்சலும் பட்டினியும் கலகங்களும் தாண்டி, 1864 மார்ச் 14ஆம் திகதி ஒரு பேரேரியின் கரையை அடைந்தார்கள். அங்கு வாழ்ந்த மக்கள் அந்த ஏரிக்கு ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருந்தார்கள். பேக்கர் அதற்கு மகாராணியின் மறைந்த கணவருடைய பெயரைச் சூட்டினார். ஆல்பர்ட் ஏரி என்றே அது உலகப் படத்தில் ஏறியது.

1866இல் அவருக்கு சேர் பட்டம் கிடைத்தது. 1869 முதல் 1873 வரை எகிப்திய ஆட்சியாளர் இஸ்மாயிலின் சார்பில் மேல்நைல் பகுதியின் ஆளுநராக இருந்து, அடிமை வணிகத்தை அடக்கப் படை நடத்தினார். அந்தப் போராட்டத்தில் அவருக்கு உண்மையான ஈடுபாடு இருந்தது. கூடவே எகிப்தின் எல்லையை விரிவாக்கும் வேலையும் துப்பாக்கி முனையில் நடந்தது. அடிமைச் சந்தையில் ஒரு பெண்ணைக் கண்டு மனம் பதறியவரின் குடும்பச் செல்வம் கரும்புத் தோட்டத்து அடிமை உழைப்பில் வேர்விட்டிருந்தது. ஒரு மனிதனுக்குள் இரண்டும் இருந்தன. 1893 டிசம்பர் 30ஆம் திகதி, 72ஆவது வயதில், இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் அவர் காலமானார்.

மரை இன்று

பேக்கர் போன பிறகும் நாய்களோடு மரை வேட்டையாடும் வழக்கம் தோட்டத் துரைமாரிடையே நீண்ட காலம் நிலைத்தது. ஹோர்ட்டன் சமவெளியில் பார்வையாளர் நிலையமாக இருக்கும் ஃபார் இன், அந்த வேட்டைக்காரர் தங்கிய விடுதிதான். 1860களின் இறுதியில் இலை நோய் கோப்பியைத் தாக்கியது. அடுத்து வந்த தேயிலை டிம்புள்ளப் பள்ளத்தாக்குகளை மூடியது. 1885இல் புகையிரதப் பாதை நானுஓயாவைத் தொட்டது. மரை மேய்ந்த சரிவுகளில் லயங்கள் எழுந்தன. காடு உச்சிகளுக்கு ஒதுங்கியது. மரையும் அதோடு ஒதுங்கியது.

1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்று மரைக்கு அரணாக இருக்கிறது. ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசிய பூங்காவானது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே மரை மனிதனைக் கண்டு ஓடுவதில்லை. வாகனம் நிறுத்தும் இடத்துக்கே வந்து நிற்கும். பயணிகள் எறிந்த உணவோடு பொலித்தீனையும் தின்று மரைகள் இறந்திருக்கின்றன. நுழைவாயிலில் பைகளைச் சோதித்துப் பொலித்தீனை அகற்றுவது அதனால்தான்.

தேயிலை மலைகளில் நிலைமை இன்னும் மோசம். பன்றிக்கும் மரைக்கும் என்று வைக்கப்படும் கம்பிச் சுருக்குகளில் சிறுத்தைகள் மாட்டிச் சாகின்றன. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் சுருக்கில் சிக்கி இறந்த கருஞ்சிறுத்தையின் படம் நாடு முழுவதும் பேசப்பட்டது. பேக்கரின் கத்தியாவது நேருக்கு நேர் வந்தது. சுருக்குக்கு எது மரை, எது சிறுத்தை, எது தோட்டத்து நாய் என்ற பேதம் இல்லை. இறைச்சிக்காகச் சுருக்கு வைப்பவனும், தோட்டத்துப் பயிரைக் காக்க வைப்பவனும் நம்மிடையேதான் இருக்கிறார்கள். துரைமாரின் வேட்டையைக் கண்டிக்கும் நாம் இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

பேக்கரின் நூல்களை எரிக்கவும் வேண்டாம், கும்பிடவும் வேண்டாம். 1850இல் நம் மலைகளில் எந்தப் புல்வெளி எங்கே இருந்தது, எந்த ஓடையில் எவ்வளவு நீர் ஓடியது, எந்த விலங்கு எங்கே மேய்ந்தது என்பதற்கு அவை மதிப்புள்ள சாட்சி. அவற்றில் விடுபட்டதை நிரப்பும் வேலை நம்முடையது. 2023இல் மலையகத் தமிழர் தம் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தபோது, பெயர் எழுதப்படாதவர்களுக்காகவே அந்தப் பாதையை நடந்தார்கள். தோட்டங்களில் எந்த மலைக்கு எந்தப் பெயர், எந்த ஓடைக்கு ஏன் அந்தப் பெயர், எந்த விலங்கின் சத்தத்துக்கு என்ன பொருள் என்பதைச் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி வைப்பதும் அந்த நடையின் தொடர்ச்சிதான்.

வட்டகொடைக்கு மேலே இரவில் மரை இன்னும் கத்துகிறது. அதைக் கேட்டு, அது மரை என்று சொல்லி, நாயை உள்ளே கட்டத் தெரிந்தவர்களும் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.